யாரு இங்கே பாஸ்?

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம் பயணம். பொழுது போக வேண்டுமே என்று 'பாஸ்' என்ற வார்த்தை எத்தனை தரம் காதில் விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தேன்.

'பாஸ், ஜன்னலைச் சாத்துங்களேன்' - சிமென்ட் லாரிப் புழுதியில் தும்மிய ஆசாமி. 'பாஸ் இருக்கா பாஸ்?' - காலேஜ் பையனிடம் கண்டக்டர். (இதை ஒன்றாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்!) பாதி வழிக்குள் பதினொன்று. இதில் வேடிக்கை, ஆபீஸில் நிஜமான பாஸை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் 'சார்'. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான் 'பாஸ் இன்னிக்குச் சூடா இருக்காருப்பா!'

வார்த்தை பிறவி ஆங்கிலம் இல்லை, டச்சு. எஜமான் என்று அர்த்தம். நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர் கையில் இருந்த நியூ ஆம்ஸ்டர்டாம். அவர்கள் விட்டுப்போன வார்த்தையை அமெரிக்க வெள்ளைக்கார வேலையாட்கள் பிடித்துக்கொண்டார்கள். காரணம் ரோஷம்! 'மாஸ்டர்' என்பது அடிமைகள் சொல்வது, நாங்கள் சொல்ல மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டார்கள். டச்சில் இதற்கும் அதே அர்த்தம்தானே என்று 1838-ல் கிண்டலடித்தார் எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர்.

அதே டச்சு வார்த்தை தென்னாப்பிரிக்காவில் வேறு அவதாரம் எடுத்தது. கறுப்பர்கள் வெள்ளையரைக் கும்பிட்டுக் கூப்பிடும் வார்த்தை ஆகிவிட்டது. இலங்கையிலோ சிங்களத்தில் கொத்தனாரும் தச்சரும் 'பாஸ்'!

நம்ம ஊரில்? 'அண்ணே' என்று சொல்ல வயசு பார்க்கணும். 'சார்' என்று சொல்ல சட்டை பார்க்கணும். 'சாமி' என்று சொல்ல எதைப் பார்க்கிறார்கள் என்பது கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். 'பாஸ்' மட்டும் எதையும் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் எஜமானுக்கு இருந்த வார்த்தை, நம்மிடம் வந்து எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

பாதி வழியில் ஒரு பெரியவர் ஏறினார். அழுக்கு வேட்டி, தோளில் துண்டு. அந்தக் காலேஜ் பையன் பக்கத்தில் இடம் காலி. பெரியவர் பார்த்தார், உட்காரவில்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

பையன் நகர்ந்து உட்கார்ந்து, "உக்காருங்க பாஸ்" என்றான்.

"பரவால்ல சாமி... நிக்கிறேன்."

"அட, உங்களைத்தான் பாஸ்!"

பெரியவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாரையோ சொல்கிறான் என்று. பின்னால் யாரும் இல்லை. மெள்ள, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, துண்டு தோளுக்குத் திரும்பியது.

நான் எண்ணுவதை அதோடு நிறுத்திவிட்டேன்.