எண்களை ஒப்புவிக்க வேண்டாம்; வரைபை வாசியுங்கள்



க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் ஒரு வரைபைத் தந்து, அதனைச் சுமார் 100 சொற்களில் விவரிக்குமாறு கேட்கப்படுவதுண்டு. அதற்குப் பதிலாகக் கடிதம் எழுதும் தெரிவும் இருப்பதால், எமது மாணவர் பலர் வரைபைக் கண்டதுமே ஒதுங்கிவிடுகின்றனர். “எனக்கு ஆங்கிலம் போதாது” என்பதே அவர்கள் கூறும் காரணம். எனது கருத்து வேறு. இவ்வினாவில் புள்ளிகள் இழக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம் போதாமையால் அன்று. எழுதத் தொடங்குமுன் வரைபை வாசிக்காமையாலேயே.

உடப்புக் கரையில் கரைவலை இழுத்துவிட்டு வீடு திரும்பும் தந்தையிடம், “இன்றைக்கு எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். கூடை கூடையாக எண்ணிச் சொல்லமாட்டார். “நேற்றைவிட மீன் கூட. சூடைதான் அதிகம். நெத்தலி குறைவு” என்பார். மூன்றே வசனங்கள். ஒப்பீடு, கூடியது, குறைந்தது மூன்றும் அதில் அடங்கிவிட்டன. வரைபு விவரணமும் இதுவே.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இலங்கையின் குடிசனத்தொகை மதிப்பீடுகளின்படி மக்கள் தொகை, கிட்டிய இலட்சத்தில்:

1946 – 67
1953 – 81
1963 – 106
1971 – 127
1981 – 148
2012 – 204

இதனைச் சலாகை வரைபாகத் தந்தால் பலர் என்ன செய்வர்? “1946இல் 67 இலட்சம், 1953இல் 81 இலட்சம்” என ஆறு வசனங்களை எழுதி முடிப்பர். அது விவரணமன்று, ஒப்புவித்தல். வரைபில் உள்ளதைப் பரீட்சகரும் பார்க்கிறார். அவர் எதிர்பார்ப்பது உங்கள் வாசிப்பை. “மக்கள் தொகை தொடர்ந்து அதிகரித்தது, 1946க்கும் 2012க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மடங்காகியது” என்ற ஒரு வசனம் அந்த ஆறு வசனங்களிலும் மேலானது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. சலாகைகளின் உயரத்தை மட்டும் பார்ப்பவர், “1981க்குப் பின்னரே மிக வேகமான அதிகரிப்பு” என்று எழுதிவிடுவார். அது பிழை. கிடை அச்சைப் பாருங்கள். 1971 முதல் 1981 வரையான 10 ஆண்டுகளில் 21 இலட்சம் கூடியது. 1981 முதல் 2012 வரை கூடியது 56 இலட்சம். ஆனால் அது 31 ஆண்டுகளில். ஆண்டொன்றுக்குக் கணித்தால் பிந்தியதே மெதுவானது. ஆகவே தலைப்பு, அச்சுகள், அலகு ஆகிய மூன்றையும் வாசித்த பின்னரே பேனாவை எடுங்கள்.

இடையில் ஏன் 31 ஆண்டுகள்? 1991இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் போர் காரணமாக வடக்கு, கிழக்கின் பல பகுதிகளில் அது முழுமை பெறவில்லை. இது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எனினும் வரைபு காரணத்தைக் கூறவில்லையாயின், விடையிலும் காரணம் வேண்டாம். காட்டப்பட்டதை மட்டும் எழுதுவதே நேர்மையான விவரணம்.

இனி மொழி. முதல் வசனத்தில் வரைபு எதைக் காட்டுகிறது என்பதை நிகழ்காலத்தில் எழுதுங்கள். கடந்த ஆண்டுகளின் தரவுகளை இறந்தகாலத்தில் எழுதுங்கள். ‘ஹையஸ்ட்’, ‘லோவெஸ்ட்’, ‘மோர் தான்’, ‘லெஸ் தான்’ ஆகிய நான்கையும் பிழையின்றிக் கையாளப் பழகினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. ‘மோர் ஹையர்’ என்று இரட்டிப்பதைத் தவிருங்கள். சந்தையில் விற்கும் மாதிரி விடைகளை மனனம் செய்து, எண்களை மட்டும் மாற்றி எழுதுவதை நான் ஏற்கவில்லை. வரைபு மாறியதும் அந்த விடை கைவிட்டுவிடும்.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. ஒரு வாரம் உங்கள் வீட்டுக்கு நாளாந்தம் வரும் மீனையோ, கிணற்றில் அள்ளும் வாளிகளையோ குறித்து வையுங்கள். ஏழு சலாகைகள் வரையுங்கள். அதைப் பற்றி 100 சொற்கள் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். நான்கு வாரம் இப்படிச் செய்தவர், பரீட்சை மண்டபத்தில் வரைபைக் கண்டு ஒதுங்கமாட்டார்.