எட்டு மட்டிகளும் மூழ்கிய தீவும்

போலந்தின் தலைநகர் வார்சாவில் குடிநீருக்குக் காவல் யார் தெரியுமா? எட்டு மட்டிகள்! ஓட்டின் மேல் சின்னதாக ஒரு சென்ஸாரை ஒட்டி, ஆற்றுத் தண்ணீர் வரும் வழியில் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விஷம் கலந்தால் மட்டி சட்டென்று மூடிக்கொள்ளும். எல்லாமே மூடினால் கம்ப்யூட்டர் அலறும், சப்ளை நிற்கும். மூன்று மாதம் டியூட்டி. அப்புறம் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நம்மூரில் ரிட்டயரான மனுஷனுக்கே இந்த மரியாதை கிடையாது.

மட்டி, தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. சுரங்கக் கழிவில் வரும் ஈயமும் காட்மியமும் அதன் சதையிலும் ஓட்டிலும் தங்கிவிடும். ஓடு வரிவரியாக வளர்வதால், எந்தக் காலத்தில் அழுக்கு வந்தது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். லஞ்சம் வாங்கத் தெரியாத ரெக்கார்ட் கிளார்க். அமெரிக்காவில் 1986-லேயே கரையோர மட்டிகளையும் சிப்பிகளையும் வைத்து இப்படிக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மன்னார் வளைகுடாவுக்கு இது புதுசா என்ன? முத்துச்சிப்பிப் 'பார்'களை முங்கிப் பார்த்து, சிப்பி தேறும் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் காலத்தில் சலாபமே அறிவிப்பார்கள்.

அதே கடலில் பிறகு நாம் செய்தது என்ன? பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாக அள்ளினோம். 1986-ல் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்றது அரசு. அறிவிப்பு கரையில் நின்றது. கடப்பாரை கடலுக்குப் போனது. 2001-ல்தான் பவளம், புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் சேர்ந்தது. அலையைத் தடுத்த பாறை போனால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டியும், தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

புத்தி வந்ததா? 2025 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு, மாநில சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்ப, அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது தமிழக அரசு. நல்லது. ஆனால் எண்ணெய் பூமிக்குள் அப்படியேதான் இருக்கும். ஃபைல் இன்னொரு நாள் திரும்பி வரும்.

'வறண்ட மாவட்டம், நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டுமே' என்பீர்கள். சரி, தோண்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்துக் கண்மாயில் மீன் மிதக்கிறது. கம்பெனி வக்கீல் என்ன சொல்வார்? 'இந்தத் தண்ணீர் முன்னாடியே இப்படித்தான் சார் இருந்தது.' இல்லை என்று நிரூபிக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது? மீன்காரர் வாய்வார்த்தையைக் கோர்ட் கேட்குமா?

அதனால்தான் சொல்கிறேன்: முதலில் மட்டியைக் கேளுங்கள். பெரிய கண்மாயிலும், மண்டபம் முதல் கீழக்கரை வரை கரையோரத்திலும், மட்டி, சிப்பி உடம்பில் இன்றைக்கு எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, ஊர் ஊராக ஒட்டுங்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது, தேடிப் போக வேண்டாம். அந்தத் தாள் பஞ்சாயத்து சுவரில் ஏறுகிற வரைக்கும், யாருடைய துளைபோடும் இயந்திரமும் இந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது.