சாம்பலும் சமுதாயப் பிரச்சினைதான்!

‘இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து, சிறைவாசிகள் என்று தலைக்கு மேல் வேலை கிடக்க, நிலக்கரிச் சாம்பலுக்கு ஒரு பக்கமா?’ என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். எண்ணூர்ப் பக்கம் ஒருமுறை போய் வந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

1994இல் உற்பத்தியைத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையம், சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்பி வந்திருக்கிறது. குழாய் வெடித்தாலும் கசிந்தாலும் அந்தக் குழம்பு இறங்குவது கொற்றலை ஆற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும்தான். ஆண்டுக்கணக்கில் படிந்து படிந்து ஆறு தூர்ந்தது. படகு தரைதட்டுகிறது. இறால் பிடித்துப் பிழைத்தவன் சாம்பல் சேற்றில் நிற்கிறான். நம் நாட்டு நிலக்கரியை 100 டன் எரித்தால் 30 முதல் 45 டன் வரை சாம்பல் மிஞ்சும். ஆர்சனிக், பாதரசம், ஈயம் எல்லாம் அதில் உண்டு. அதே கால்வாய்தான் வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் போகிறது. அங்கே நம் மக்கள் எத்தனை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் அறிவிக்கையை வெளியிட்டது. பிறகு 2003, 2009, 2016 என்று திருத்தித் திருத்திக் கெடுவை நீட்டியதுதான் மிச்சம். 2021 டிசம்பர் 31இல் வந்த புதிய அறிவிக்கை, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு என்கிறது. நல்லது. ஆனால் எது ‘பயன்பாடு’? தாழ்வான நிலத்தில் கொட்டி நிரப்பினாலும் பயன்பாடு, கைவிட்ட சுரங்கத்தில் கொட்டினாலும் பயன்பாடு! பழைய குட்டை இறுகி, மேலே செடி வளர்த்துவிட்டால் அந்தச் சாம்பலை அள்ளவே வேண்டாம். இவ்வளவுக்கும் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், ‘அளவு அதிகம், பாதிப்பு குறைவு’ என்று சொல்லி நிலக்கரிச் சாம்பலைப் பட்டியலிலிருந்தே விலக்கி வைத்துள்ளன. பாதிப்பு குறைவாம்! செப்பாக்கத்துத் தாய்மாரிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காக ஓட்டை போட முயன்றால், மேல்தட்டில் இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி புகாரியில் இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! எண்ணூரில் ஓட்டை போடுபவனோ மேல்தட்டில் இருக்கிறான். அவன் கையைப் பிடிக்கக் கீழ்த்தட்டு மீனவன்தான் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. மீனவர் தொடுத்த வழக்கில்தான், ஆற்றை மீட்க வேண்டும் என்று 2022 ஜூலையில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த வழக்கு நடந்த காலத்தில் நாம் எங்கே இருந்தோம்?

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சாம்பலை முறையாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. நாம் விற்கும் சிமெண்டிலும் சாம்பல் இருக்கிறது, பள்ளிவாசல் கட்டும் கல்லிலும் இருக்கிறது. கலந்து இறுகிய சாம்பல் வேறு, தார்ப்பாய் போடாத லாரியில் பறக்கும் சாம்பல் வேறு. லாரி வைத்திருக்கும் சகோதரரே, உங்கள் வண்டியிலிருந்து பறக்கும் தூசு அடுத்தவன் பிள்ளையின் நெஞ்சில் இறங்கினால் அந்த வாடகைக் காசில் பரக்கத் எப்படி வரும்? வாடகைக்கு ஆசைப்பட்டு ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். கொட்டச் சொல்பவன் பெரிய ஒப்பந்தக்காரனாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய்தான் கட்டணம். உங்கள் மாவட்டத்து அனல் மின் நிலையத்தில் சென்ற ஆண்டு எத்தனை டன் சாம்பல் விழுந்தது, எந்த ஊரில் எந்த சர்வே எண்ணில் கொட்டப்பட்டது, டன்னுக்கு 1000 ரூபாய் வீதம் எவ்வளவு வசூலானது என்று கேளுங்கள். தூத்துக்குடி, மேட்டூர், எண்ணூர் கிளைகள் முதலில் தொடங்கட்டும். வரும் பதில்களைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அப்படியே அச்சிடுவோம்.