மலிவாகப் போகலாம், ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது? யோக்யகர்த்தா பற்றி ஒரு த்ரெட்

1/
போன வாரம் கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். வயது 24. வலது கெண்டைக்காலின் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தீக்காயம். சீழ் பிடித்து, சுற்றிலும் சிவந்து, தொட்டாலே துள்ளுகிறார். "என்னப்பா இது?"ன்னு கேட்டால் சிரிக்கிறார். "ஜாவா போயிருந்தேன் சார். வாடகை ஸ்கூட்டர்ல இருந்து இறங்கும்போது சைலன்சர் பட்டுடுச்சு."

2/
"அங்கேயே டாக்டர்கிட்ட காட்டலையா?"
"ஆஸ்பத்திரிக்குப் போனா பட்ஜெட் எகிறிடும் சார். டூத்பேஸ்ட் தடவிக்கிட்டேன்."
இன்ஷூரன்ஸ்? எடுக்கவில்லை. ஹெல்மெட்? "பக்கத்துலதானே சார்." எவ்வளவு குறைவாகப் பயணத்தை முடித்தேன் பாருங்கள் என்று போனில் கணக்கை வேறு காட்டினார். அந்தக் கணக்கில் இந்தக் காலுக்கு ஆகப்போகிற டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், ரெண்டு வார லீவு எதுவுமே இல்லை.

3/
அவர் போன ஊர் யோக்யகர்த்தா. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ஜோக்ஜா என்பார்கள். நானும் மனைவியும் போன வருஷம் அஞ்சு நாள் போய்த் தங்கின ஊர். அதனால் அவரைத் திட்ட மனசு வரவில்லை. குறைந்த செலவில் ஊர் சுற்றுவது நல்ல விஷயம்தான். ஆனால் எதில் குறைப்பது, எதில் குறைக்கக் கூடாது என்பதில் நம்ம ஆட்கள் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். அதைப் பேசத்தான் இந்த த்ரெட்.

4/
முதலில் ஊரைப் பற்றி ரெண்டு வரி. 1755-ல் உருவான சுல்தானகத்தின் தலைநகர். இன்றைக்கும் சுல்தான் இருக்கிறார், அவரே மாகாண ஆளுநரும். டச்சுக்காரர்களோடு போர் நடந்தபோது 1946 முதல் 1949 வரை இந்தோனேசியக் குடியரசின் தலைநகரமே இதுதான். வடக்கே மெராபி எரிமலை, தெற்கே கடல், நடுவில் கிராத்தோன் எனும் அரண்மனை. இந்த நேர்கோட்டை வைத்துத்தான் நகரத்தை அமைத்தார்கள். 2023-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

5/
இனி மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள். ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் 190 ரூபியா என்று வைத்துக்கொள்ளுங்கள்.
புது ஏர்போர்ட் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸி வேண்டாம். ஏர்போர்ட் ரயில் சுமார் 40 நிமிஷத்தில் ஊருக்கு நடுவில் இருக்கும் துகு ஸ்டேஷனில் இறக்கிவிடும், 20 ஆயிரம் ரூபியா அளவில். நம்ம காசுக்கு நூறு ரூபாய் சொச்சம்.
பிரம்பனான் கோயிலுக்கு டிரான்ஸ்ஜோக்ஜா டவுன் பஸ் போகிறது. நம்ம காசுக்கு இருபது ரூபாய் பக்கம். சோலோ போகிற மின்சார ரயில் 8,000 ரூபியா, வழியில் பிரம்பனானுக்குப் பக்கத்திலும் நிற்கும்.

6/
சாப்பாடு. அங்க்ரிங்கான் என்று தள்ளுவண்டிக் கடைகள், சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு முளைக்கும். அங்கே கிடைக்கும் 'நாசி குச்சிங்' என்றால் பூனைச் சோறு என்று அர்த்தம். ஒரு பூனைக்குப் போதுமான அளவு சோறு, கொஞ்சம் சம்பல், நெத்திலி, பொட்டலமாகக் கட்டி சில ஆயிரம் ரூபியாவுக்குத் தருவார்கள். ரெண்டு மூணு பொட்டலம், கூட டெம்பே, டோஃபு. வயிறு நிறைந்துவிடும்.
ஒரு டிப்ஸ்: குச்சியில் செருகின அயிட்டங்கள் காலையிலிருந்து ஆறிப்போய் இருக்கலாம். கரி அடுப்பில் சுட்டுத் தரச் சொல்லுங்கள், சளைக்காமல் செய்வார்கள். சூடாகச் சாப்பிட்டால் பாதி வயிற்றுப்போக்கு வராது.
சைவம் சாப்பிடுபவர்கள் சம்பலில் இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7/
சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு: இந்த ஊர் ஸ்பெஷல் 'குடெக்'. பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. கறி மாதிரி இருந்தாலும் இனிப்பு நிறைய. டீயும் கேட்காமலேயே சர்க்கரை போட்டுத்தான் வரும். "தே தாவார்" என்று சொன்னால் சர்க்கரை இல்லாத டீ தருவார்கள். என் மனைவிக்குச் சுகர் உண்டு. அஞ்சு நாளும் இந்த ரெண்டு வார்த்தைதான் அவரைக் காப்பாற்றியது.
தங்குவதற்கு சொஸ்ரோவிஜாயான், பிராவிரோதாமான் பகுதிகளில் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய. ஸ்டார் ஹோட்டல் தேவையே இல்லை.

8/
ஆக சோறு, பஸ், படுக்கை மூணிலும் தாராளமாகக் குறையுங்கள். ஊர் மக்கள் எப்படிச் சிக்கனமாக வாழ்கிறார்களோ அதே வழி அது. ஆபத்து இல்லை.
குறைக்கக் கூடாதது எது? முதலாவது, உங்க உடம்பு.
பயண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஆசிய நாடுகளுக்கு ஒரு வாரப் பாலிசி பெரும்பாலும் குடும்பத்தோடு ஒரு நேரம் ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுக்குள் முடிந்துவிடும். ஆனால் படித்துப் பார்த்து எடுங்கள். சரியான லைசென்சும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் பைக் ஓட்டி விழுந்தால் பல பாலிசிகள் பைசா தராது. ஊரில் கார் மட்டும் ஓட்டுகிறவர் அங்கே போய் ஸ்கூட்டர் பழக வேண்டாம்.

9/
தீக்காயம் பட்டால் உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், மை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இந்தத் தம்பி இதைச் செய்திருந்தால் இன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.
குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து கைவசம் இருக்கட்டும். தீர்ந்துவிட்டால் அங்கே மருந்துக்கடையில் "ஒராலித்" என்று கேளுங்கள், கிடைக்கும்.

10/
அடுத்தது குடி. இந்தோனேசியாவில் பீர், விஸ்கி எல்லாம் விலை அதிகம். அதனால் 'ஒப்லோசான்' எனும் கள்ளக் கலவை விற்கிறது. மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது. குடித்தவுடனும் ஒன்றும் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் பிடிக்கும். பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். சிலருக்குப் பார்வை திரும்பி வருவதே இல்லை, சிலருக்கு உயிரும். 2018-ல் மேற்கு ஜாவாவில் இப்படிப் பல பேர் செத்தார்கள். நமக்குக் கள்ளக்குறிச்சி இன்னும் மறக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் எழுந்து போய்விடுங்கள்.

11/
மெராபி அடிவாரத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 2010 வெடிப்பில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்கே பராங்திரித்திஸ் கடற்கரையில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பலமானது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12/
குறைக்கக் கூடாத ரெண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதில் தப்பு செய்தவன் நானே.
மாலியோபோரோ தெருவில் பெச்சாக் ஏறினோம். நம்ம ஊர் சைக்கிள் ரிக்‌ஷா மாதிரிதான், ஆனால் அங்கே பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். 30 ஆயிரம் கேட்டார். நான் 20 என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.
முன்னால் உட்கார்ந்தால் அவர் முகம் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். சின்ன மேடு வந்ததும் அந்த மூச்சில் விசில் சத்தம் ஏறியது. முப்பது வருஷமாக ஸ்டெத்தில் கேட்ட சத்தம், எனக்கா தெரியாது? இழுப்பு இருக்கிற மனுஷன். அவரிடம் பேரம் பேசி நான் மிச்சம் பிடித்தது நம்ம காசுக்கு 53 ரூபாய்.

13/
இறங்கும்போது முப்பதுக்கும் மேலேயே கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஏறும்போதே கொடுத்திருக்கணும்.
ஜோக்ஜா ஏன் இவ்வளவு மலிவு? மாணவர்கள் நிறைந்த ஊர், சாப்பாட்டுக் கடைகள் அவர்கள் பாக்கெட்டுக்கு ஏற்ப ஓடுகின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று கூலி. 2025-ல் இந்த மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 22.6 லட்சம் ரூபியா, நம்ம காசுக்கு 12,000 பக்கம். ஜகார்த்தாவில் சுமார் 54 லட்சம். பெச்சாக் ஓட்டுகிறவருக்கு அந்தக் குறைந்தபட்சம்கூட உத்தரவாதம் கிடையாது. நாம் கொண்டாடுகிற மலிவு விலை இன்னொருத்தரின் கூலியிலிருந்தும் வருகிறது.

14/
டாக்டராக இன்னொன்றும் சொல்லணும். டெங்குவைக் குறைக்க வோல்பாக்கியா எனும் பாக்டீரியா ஏற்றிய கொசுக்களைப் பெரிய அளவில் முறையாகச் சோதித்துப் பார்த்த ஊர் இதுதான். நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து 12-ல் அந்தக் கொசு முட்டைகளை வைத்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது: டெங்கு 77 சதவீதம் குறைவு, டெங்குவால் ஆஸ்பத்திரியில் சேர்வது 86 சதவீதம் குறைவு. புதுச்சேரியில் இருக்கும் ஐசிஎம்ஆர் ஆய்வு மையமும் இதே வழியில் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது.
கொசு முட்டை டப்பாவை வீட்டு வாசலில் வைக்க நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? அந்தச் சாதாரணத் தெருக்களில் இருப்பவர்கள் சம்மதித்தார்கள். பலன் உலகத்துக்கு. அதே தெரு மனுஷரிடம்தான் நான் பத்தாயிரம் ரூபியாவுக்கு மல்லுக்கட்டினேன்.

15/
போரோபுதூர் டிக்கெட் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு என்று நிறைய பேர் புலம்புகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல். தேயாமல் இருக்க ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்துத்தான் மேலே விடுகிறார்கள், காலுக்குத் தனிச் செருப்பு தருகிறார்கள். அந்தப் பணத்தைப் புலம்பாமல் கொடுப்போம்.

16/
சுருக்கமாக என் கருத்து: சோற்றில் குறையுங்கள், பஸ்ஸில் குறையுங்கள், படுக்கையில் குறையுங்கள். உங்கள் உடம்பிலும் அடுத்தவர் உழைப்பிலும் குறைக்காதீர்கள். அஞ்சு நாள் பயணத்தில் இந்த ரெண்டுக்கும் கூடுதலாக ஆகப்போவது ரெண்டாயிரம் ரூபாய்கூட இருக்காது.
அந்தத் தம்பி டிரெஸ்ஸிங் மாற்ற நாளை மறுநாள் வருகிறார். அடுத்து வியட்நாம் போகணுமாம். "போயிட்டு வாப்பா, முதல்ல பாலிசி எடுத்துட்டு வந்து காட்டு" என்று சொல்லியிருக்கிறேன்.
பயணம் கிளம்புகிற நண்பர்கள் யாராவது இருந்தால் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள்.