பாவு கோணினால் தறிக்காரர் தலையா?

விம் கூவர்மன்ஸை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. 1988-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நெதர்லாந்து அணியில் இருந்தவர். 2012-ல் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். வந்த வேகத்தில் நேரு கோப்பை! டெல்லி ஃபைனலில் கேமரூனைப் பெனால்டியில் சாய்த்தோம். (கேமரூன் தன் பெரிய நட்சத்திரங்களை அனுப்பவில்லை. ஜெயித்த குஷியில் அது யாருக்கு உறைத்தது?) அடுத்த வருடமே காட்மாண்டுவில் தெற்காசிய ஃபைனலில் ஆப்கானிஸ்தானிடம் 0-2. உடனே, 'வெள்ளைக்காரனுக்குக் கொட்டிக் கொடுத்து என்னத்தைக் கண்டோம்?' 2014-ல் அவர் பெட்டியைக் கட்டினார்.

போன வாரம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டுக்குப் போயிருந்தேன். கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இழைக்கு இழை ரெண்டையும் கோக்க, தறியில் ரெண்டு பேர் வேண்டும். கை எப்போது பழகியது என்று பெரியவரிடம் கேட்டேன். "பத்து வயசுல அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன் தம்பி. முப்பது வயசுல வந்து கத்துக்கறேன்னா கை வளையாது." பேச்சோடு பேச்சாக, "பாவு கோணலா இருந்தா, நெய்யறவனை மாத்தி என்ன பண்றது?" என்றார்.

பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. அது சட்டப்படி தப்பு, நியாயப்படியும் தப்பு. ஆனால் பந்து காலில் பழகுவதும் அந்த வயதில்தானே? அப்போது மைதானம் தராமல், இருபத்தைந்து வயது ஆட்டக்காரரை ஒரு டச்சுக்காரர் கையில் கொடுத்து, 'ம்... நெய்யுங்க சார்' என்றால்?

கொரியாவைப் பாருங்கள். அங்கே போனவரும் டச்சுக்காரர்தான், ஹிடிங்க். 2001-ல் பிரான்ஸிடம் 0-5, செக் அணியிடமும் 0-5. 'ஐந்துக்கு சைபர்' என்றே பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். ஆனாலும் துரத்தவில்லை. மாதக்கணக்கில் ஆட்டக்காரர்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். 2002 உலகக் கோப்பையில் கொரியா அரையிறுதிக்குப் போனது. அவருக்கு கௌரவக் குடியுரிமை, குவாங்ஜூவில் அவர் பேரில் ஸ்டேடியம்.

நாம்? எல்கோ ஸ்கட்டோரி என்று இன்னொரு டச்சுக்காரர். 2018-19 ஐ.எஸ்.எல். சீசனில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை முதல் தடவையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அடுத்து கேரளா பிளாஸ்டர்ஸ். ஒரே சீசன், ஏழாவது இடம், 2020-ல் 'போயிட்டு வாங்க!'

நான் பி.காம். படித்தவன். முதல் போடாமல் வட்டி கேட்கிற கணக்கு எனக்குப் புரிவதில்லை. பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து, நம் துணியைக் கப்பல் கப்பலாக வாங்கிப்போனவர்கள் இதே டச்சுக்காரர்கள். அன்றைக்கு நம் கைப்பழக்கத்துக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள். இன்றைக்கு அவர்கள் கால்பழக்கத்துக்கு நாம் கொடுக்கிறோம். கொடுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு மைதானத்துக்கும் கொடுங்கள்.

திரும்பி வரும்போது பார்த்தேன். கோயிலுக்கு வந்த டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவே, ரெண்டு செங்கல்லை கோல்போஸ்ட்டாக வைத்து ஏழெட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.