கடன் கொடுத்தவர்கள் காப்பாற்றிய பந்தயக் குழு

மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் இதழில் கார் பந்தயத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். 2018-ம் ஆண்டு 'ஃபோர்ஸ் இந்தியா' என்ற பந்தயக் குழு கடனில் விழுந்து எழுந்த கதையில் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

நம் நாட்டுப் பெயரில், நம் நாட்டு முதலாளிகள் பணத்தில், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இருந்து நடந்த குழு அது. 1991-ல் ஜோர்டன் என்ற பெயரில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கி, பல கை மாறி வந்தது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டியது அந்த ஜோர்டன் காரைத்தான். 2007-ல் விஜய் மல்லையா வாங்கினார். 2008 முழுவதும் ஓடி ஒரு புள்ளிகூட இல்லை. மறு ஆண்டு பெல்ஜியத்தில் ஃபிசிகெல்லா முதலாவதாக நின்று புறப்பட்டு, ஃபெராரிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அடுத்த பந்தயத்துக்கே ஃபெராரி அவரை அழைத்துக்கொண்டது! நாம் பழக்கிய பையனைப் பெரிய கடை இழுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு போலும்.

ஆனாலும் 2016, 2017 இரண்டு ஆண்டும் நான்காம் இடம். மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் மட்டுமே மேலே. மெக்லாரன், ரெனோ எல்லாம் கீழே. ஆட்கள் சுமார் 400 பேர்தான். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் மெர்சிடிஸிடம் விலைக்கு வாங்கினார்கள். காற்றுச் சோதனைக்கு ஜெர்மனியில் டொயோட்டாவின் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சொந்த மில் வைக்காமல் கூலிக்கு அரைத்து விற்கும் நம் மிளகாய்ப்பொடி வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

தொழில் சரியாக நடந்தது. முதலாளிகள் பக்கம்தான் பணம் வற்றியது. மல்லையா வங்கிக் கடன் வழக்குகளில் சிக்கினார். பங்குதாரரான சகாராவுக்கும் வழக்குகள். 2018 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் குழுவை நிர்வாகிகளிடம் ஒப்படைத்தது. மனுப் போட்டவர் யார் தெரியுமா? பணம் வரவேண்டியிருந்த அவர்களது ஓட்டுநர் செர்ஜியோ பெரெஸ். இன்ஜின் கொடுத்த மெர்சிடிஸும் துணை நின்றது. மூடச் சொல்லி வேறொருவர் போட்ட மனு முந்திவிடாமல், குழு ஓடிக்கொண்டே இருப்பதற்காகத்தான் போட்டேன் என்றார் பெரெஸ். ஆகஸ்டில் கனடாவின் லாரன்ஸ் ஸ்ட்ரோல் கூட்டாளிகளுடன் வாங்கினார். ஒரு பந்தயமும் தவறவில்லை. அதுவரை எடுத்த 59 புள்ளிகளும் ரத்தாகி, பூஜ்யத்தில் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் 52 புள்ளிகள் எடுத்தார்கள். 2020 டிசம்பரில் பஹ்ரைனில் அதே பெரெஸ் அதே குழுவுக்கு (பெயர்தான் ரேசிங் பாயின்ட் என்று மாறியிருந்தது) முதல் பரிசு வாங்கித் தந்தார்.

நம் பக்கம் நடப்பது வேறு. ஒரு கடை தள்ளாடுகிறது என்று காதில் விழுந்தால், விடிவதற்குள் வண்டியோடு போய்க் கிடைத்த மூட்டையை ஏற்றி வருகிறார்கள். முந்தியவருக்கு நாலு மூட்டை அரிசி, பிந்தியவருக்குத் தராசு. நாச்சியாபுரம் போன்ற ஊரில் ஒரு கடை மூடினால் அந்த வாடிக்கை காரைக்குடிப் பெரிய கடைகளுக்குப் போய்விடுகிறது. மொத்த வியாபாரியான நமக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

எனவே சங்கத்தில் ஐந்து பேர் குழு ஒன்று வேண்டும் என்கிறோம். பாக்கிகளைப் பட்டியலிட்டு, மூன்று மாதம் யாரும் சரக்கைத் தூக்காமல், புதுச் சரக்கு ரொக்கத்துக்கும் பழைய பாக்கி வாரத் தவணைக்கும் என்று பேசி முடிக்கலாம். கடைக்காரரும் பேரேட்டை மறைக்காமல் குழுவிடம் காட்ட வேண்டும். வீட்டுக் கல்யாணத்துக்குக் கடை முதலில் கை வைக்கக் கூடாது. மொத்த வியாபாரிகளில் சிலர் இதற்கு இணங்க மாட்டார்கள் என்பது தெரியும். அடுத்த பொதுக்குழுவில் எழுத்து மூலம் வைக்கிறோம். எதிர்ப்பவர்கள் அங்கேயே காரணத்தைச் சொல்லட்டும்.