கள்ளப்பதிப்பும் ஒரு பாடமே

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தியிருக்க வேண்டிய நேரத்தில், விடுதி நண்பரின் கணினியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பை'த் திறந்தேன். 2018இல் வெளிவந்த தொகுப்பு அது. 1987ஆம் ஆண்டின் முதல் விளையாட்டிலிருந்து 'தேர்ட் ஸ்ட்ரைக்' வரை பன்னிரண்டு இருபரிமாணச் சண்டை விளையாட்டுகள் அதில் உள்ளன. நான் தேடிச் சென்றது 1992இன் 'சாம்பியன் எடிஷன்'. ரியூவைத் தேர்ந்தேன், துள்ளினேன், அந்தரத்தில் நின்றபடி கால்வட்டம் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினேன். தீப்பந்து வரவில்லை. வெறும் குத்து விழுந்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். ரியூ ரியூவாகவே நின்றான். அவன் சுன்-லீயாக மாறியிருக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அசலைக் கண்ட எனக்கு, அசல்தான் பிழையானதாகத் தோன்றியது.

காரணம் எளியது. நான் வளர்ந்தது மும்பைத் தாராவியில். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் சந்தில், தையற்கடைக்குப் பின்புறம், நான்கு இயந்திரங்கள் கொண்ட ஒரு 'வீடியோ கேம் பார்லர்' இருந்தது. ஒரு ரூபாய் நாணயம் ஓர் ஆட்டம். 2006 வாக்கில் நான் அங்கே ஆடிய 'சாம்பியன் எடிஷன்' கேப்காம் நிறுவனம் வெளியிட்டதன்று. மூலப் பலகையின் நிரலை யாரோ மாற்றியமைத்த கள்ளப்பதிப்பு. அந்தரத்திலிருந்தும் தீப்பந்து எறியலாம், எறிந்த பந்து எதிரியைத் தேடிச் செல்லும், சண்டையின் நடுவே ஸ்டார்ட்டை அழுத்தினால் வேறொரு வீரனாக மாறலாம். உலகெங்கும் இவ்வகைப் பலகைகள் பரவியிருந்தன. அவற்றுள் பெயர்பெற்றது 'ரெயின்போ எடிஷன்'. எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அதுதான் விளையாட்டு என்று எண்ணியிருந்தோம்.

இவ்விடத்தில் ஏட்டுச்சுவடி படித்தவர்கள் என்னை உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு நூலின் பல படிகள் கிடைக்கும்போது, சிதைந்த படியைப் பதிப்பாசிரியர் தூக்கி எறிவதில்லை. அதன் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருகிறார். சிதைவும் ஒரு சான்று என்பதே காரணம். ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் பொறுத்தவரை அது சான்று மட்டுமன்று, மூதாதையும்கூட. கள்ளப்பலகைகளின் அசுர வேகத்துக்கு மக்கள் பழகிவருவதைக் கேப்காமின் அமெரிக்கக் கிளையினர் கண்டனர். அதன் தூண்டுதலால் 1992இன் இறுதியில் அதிகாரப்பூர்வமாக வெளிவந்ததே 'ஹைப்பர் ஃபைட்டிங்'. வேகம் கூடியது. ரியூவும் கென்னும் அந்தரத்தில் இருந்தபடியே சுழலுதை விடும் திறன் பெற்றனர். சுன்-லீக்குத் தீப்பந்து கிடைத்தது. 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'சாம்பியன் எடிஷன்' இருக்கிறது, 'ஹைப்பர் ஃபைட்டிங்' இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நின்ற கண்ணி இல்லை. தாத்தாவும் பேரனும் உள்ள குடும்பப் படத்திலிருந்து தந்தையைக் கத்தரித்தது போல.

கத்தரித்தது ஏன் என்பது தெரிந்ததே. தன் உடைமையைத் திருடிய ஒன்றை எந்த நிறுவனமும் தன் தொகுப்பில் சேர்க்காது; அதை எதிர்பார்ப்பது பேதைமை. ஆனால் நாம் ஆய்வாளர்கள். நிறுவனம் எதை விற்கிறதோ அதையே 'மூலபாடம்' என்று ஏற்று, அதன்மேல் கட்டுரை எழுதத் தொடங்கினால், அது நம் பிழை. விளையாட்டு ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் மெல்லத் தலைகாட்டும் இந்நேரத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுவெளியீட்டுத் தொகுப்பு என்பது ஆவணக் காப்பகம் அன்று. அது ஒரு பதிப்பு. பதிப்பாசிரியர் பெயர் போடாத, முன்னுரையில் தன் தெரிவுகளை விளக்காத பதிப்பு.

பிழை மூலத்துக்குள் புகுந்து இலக்கணமாவது இந்த விளையாட்டுக்குப் புதிதும் அன்று. 'காம்போ' என்று இன்று எல்லாச் சண்டை விளையாட்டுகளுக்கும் உயிர்நாடியாக இருக்கும் தொடரடி, 1991ஆம் ஆண்டின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் IIஇல் யாரும் திட்டமிட்டு வைத்ததன்று. காரை உடைக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அடி முடியுமுன்னே அடுத்த அடி இணைந்துகொள்வதை ஆக்குநர் ஃபுனமிட்சு கவனித்தார். அவ்வளவு நுண்ணிய காலக்கணக்கில் அடிக்க யாராலும் இயலாது என்று கருதி அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு இயன்றது. வழு முதலில் வழுவமைதியாகி, பிறகு விதியே ஆனது. மொழிவரலாற்று வகுப்பில் நாம் வாரந்தோறும் பார்க்கும் கதைதான்.

பெயர்களின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானியப் பதிப்பில் குத்துச்சண்டை வீரனின் பெயர் எம். பைசன், எம் என்பது மைக். மைக் டைசனின் வழக்குக்கு அஞ்சி, அமெரிக்காவுக்கு அனுப்பும்போது மூன்று பெயர்களைச் சுழற்றினார்கள். குத்துச்சண்டைக்காரன் பால்ராக் ஆனான், நகமணிந்த ஸ்பானியன் வேகா ஆனான், வேகாவாக இருந்த சர்வாதிகாரி எம். பைசன் ஆனான். ஒரே பெயர் இரு நாடுகளில் இரு ஆட்களைக் குறித்தது. உலகப் போட்டிகளில் ஜப்பானியரும் அமெரிக்கரும் சந்திக்கத் தொடங்கியபோது எழுந்த குழப்பத்துக்கு ஆட்டக்காரர்களே தீர்வு கண்டார்கள்: சிறப்புப் பெயர்களைக் கைவிட்டு 'பாக்ஸர்', 'க்ளா', 'டிக்டேட்டர்' என்றே அழைக்கத் தொடங்கினர். காரணப்பெயருக்குத் திரும்பிய சமூகம்! குறிப்பீட்டுக் கோட்பாடு கற்பிக்கும் பேராசிரியர்கள் காலை நட்சத்திரத்தையும் மாலை நட்சத்திரத்தையும் ஒரு பருவத்துக்கு ஓய்வெடுக்க விடலாம்.

மொழிபெயர்ப்பாளரின் தவறு ஓர் ஆளையே படைத்த கதையும் உண்டு. வென்றபின் ரியூ பேசும் ஜப்பானிய வசனம், என் ஷோரியூகனை முறியடிக்காதவரை உனக்கு வெற்றி இல்லை என்ற பொருளது. ஷோரியூகன் என்பது எழும் நாகக் குத்து. அதன் முதலிரண்டு எழுத்துகளைச் சீன ஒலிப்பில் படித்து 'ஷெங் லாங்' என்று ஆங்கிலத்தில் இட்டார்கள். உடனே ஷெங் லாங் என்றொரு மறைந்துறையும் எதிரி இருப்பதாக உலகம் நம்பியது. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ், அவனை வரவழைக்கும் வழி இதுவென்று முட்டாள்கள் தினக் கட்டுரையே வெளியிட்டது. எத்தனை நாணயங்கள் அந்த இல்லாத மனிதனுக்காகச் செலவாயினவோ! பிந்தைய பதிப்புகளில் அந்த வசனத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே, எந்தப் பதிப்பு, எந்த மொழி என்று சொல்லாமல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் IIஇன் வசனம்' என்று மேற்கோள் காட்டும் ஆய்வுக்கட்டுரை எதையும் நான் நம்பமாட்டேன்.

இந்த வகையில் 2022இன் 'கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்' பாராட்டுக்குரியது. அதன் பத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆங்கிலப் பதிப்பிலும் ஜப்பானியப் பதிப்பிலும் ஆடலாம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு மொழிபெயர்ப்பு வகுப்புக்குப் போதிய பொருள் கிடைக்கும். 1996இல் வந்து, கடைப் பெட்டியைத் தவிர வேறெங்கும் வெளிவராதிருந்த 'ரெட் எர்த்' இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்கு வந்ததும் இத்தொகுப்பால்தான். தொகுப்புகளை நான் வெறுப்பவன் அல்லன். அவை இல்லையேல் நான் இதை எழுதியிருக்கவே முடியாது.

என் மனக்குறை வேறு. 2021இல் வந்த 'கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்' தொகுப்பிலுள்ள ஸ்ட்ரீட் ஃபைட்டர் IIஇல், ஹோண்டாவின் குளியலறைக் களத்துச் சுவரோவியத்திலிருந்து, கதிர்விரிக்கும் உதயசூரியனை நீக்கிவிட்டார்கள். கொரியருக்கும் சீனருக்கும் அந்தச் சின்னம் எதை நினைவூட்டும் என்பதை அறிந்தவர் எவரும் நீக்கியதைக் குறைசொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் களத்தை முதன்முறை காணும் மாணவருக்கு, அங்கே வேறொன்று இருந்தது என அறிய வழியே இல்லை. புண்படுத்திய சின்னமும் மறைந்தது. புண்படுத்தினோம் என்ற பதிவும் அதனோடு மறைந்தது. ஒரு வரி அடிக்குறிப்பு போதுமாயிருந்தது.

இதே இடத்தில் தல்சிமையும் பேசிவிடுகிறேன், இந்தியராகிய நம்மால் அவனைத் தவிர்க்க முடியாது. ரப்பர் போல் நீளும் கைகால்கள், கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் தீ. அவன் களத்தில் யானைகளும் ஒரு விநாயகர் ஓவியமும். அவன் செய்வதெல்லாம் யோகா: யோகாத் தீப்பந்து, யோகாத் தீச்சுவாலை, யோகா மறைவு. இணைத்தல் என்ற வேரிலிருந்து பிறந்த ஒரு சொல், எதனோடும் இணையும் முன்னொட்டாகவே தேய்ந்துபோன வியப்பு அது. பார்லரில் என் அத்தை மகன் எப்போதும் அவனைத்தான் தேர்வான். 'நம்ம ஆளு' என்பான். கைநீட்டம் அதிகம் என்பதுதான் உண்மைக் காரணம் என்று நான் ஐயுறுகிறேன். எனக்கு அப்போது வெட்கம் ஏதும் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது, ஆனால் அவனை நீக்க வேண்டும் என்று ஒருபோதும் கேட்கமாட்டேன். நான் கேட்பது: சூரியன் திருத்தப்பட்டதற்கும் மண்டையோட்டு மாலை அப்படியே இருப்பதற்கும் இடையிலுள்ள அளவுகோல் எது? எந்தச் சந்தையில் எத்தனை பேர் வாங்குவர் என்பதா? விடை அதுவாகவே இருக்கலாம். அதையாவது முன்னுரையில் எழுதுங்கள்.

தொகுப்பில் வராதவை பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 'முஸ்தபா' என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும். 1993இல் கேப்காம் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற தெருச்சண்டை விளையாட்டின் மஞ்சள் தொப்பி நாயகன் அவன். விளையாட்டின் பெயரை மறந்து ஆளின் பெயரால் அதை அழைத்தோம். சினையாகுபெயர் போல ஏதோ ஒன்று. இலக்கணம் வல்லார் திருத்துக. அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றின் உரிமம் பெற்று உருவானதால் அது இன்றுவரை எந்த மறுவெளியீட்டுத் தொகுப்பிலும் இடம்பெறவில்லை. உரிமச் சிக்கலால் 2013இன் இறுதியில் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்ட 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2', 2024ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் மீண்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையான விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. அச்சில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் அனுமதிக்கலாமா என்ற விண்ணப்பத்தை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆக, முஸ்தபாவைப் பற்றி ஆய்வேடு எழுத விழையும் மாணவருக்கு இன்று எஞ்சியிருப்பது கள்ளப்படி மட்டுமே. அவருடைய நெறியாளரும் நன்னெறிக் குழுவும் இதை எப்படிக் கையாள்வர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எல்லாம் இருந்தும், தொகுப்பு எதிலும் அடங்காதது பேச்சு. பார்லரில் தமிழ், மராத்தி, இந்தி, உருது பேசிய பிள்ளைகள் ஒரே திரையின் ஒலிபெருக்கியிலிருந்து ஜப்பானியக் கூவலைக் கேட்டோம். 'ஹதோகென்' எங்கள் வாயில் 'ஆடுகன்' ஆனது. மொழிமுதல் ஹகரம் நம் வழக்கப்படி உதிர்ந்தது. 'ஷோரியூகென்' 'ஓரிகன்' ஆனது. பக்கத்துச் சந்தின் மராத்திப் பிள்ளைகள் ஹகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதை வைத்தே, முகம் பாராமல், யார் ஆடுகிறான் என்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம். முதலாண்டு ஒலியியல் பயிற்சிக்கு இதைவிட நல்ல தரவு எனக்குக் கிடைத்ததில்லை. அன்று பதிவு செய்ய என்னிடம் ஏதும் இல்லை. பார்லர் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பார்லரிலோ பிரவுசிங் சென்டரிலோ ஆடிய சண்டை விளையாட்டுகளில் அடிகளையும் ஆட்களையும் என்ன பெயரால் அழைத்தீர்கள், எந்த மொழியில், எந்த ஆண்டு வாக்கில் என்று கீழே எழுதுங்கள். கேட்ட ஒலியை அப்படியே எழுதுங்கள், சரியான ஜப்பானியச் சொல்லைத் தேடித் திருத்த வேண்டாம். லேமிங்டன் சாலை போன்ற இடங்களில் பழைய பலகைகளைப் பழுதுபார்த்தவர்கள் யாரையேனும் அறிந்திருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். ஸ்டார்ட்டை அழுத்தினால் ரியூ சுன்-லீயாக மாறும் பலகை ஒன்று எங்கேனும் இன்னும் ஓடுகிறதென்றால், ரயில் பயணச்சீட்டு என் செலவு.